பெருக்கல் குறி

ஸெனிட்சா நகரில், ஐந்தாவது மாடியில்,
ஹஸ்னியா தேடியது ஒரே ஓர் எண்:
நாளை எத்தனை மணிக்கு
ஸ்லாவ்கோவைப் புதைக்கிறார்கள்.

பெயர் கிடைத்துவிட்டது.
கறுப்புக் கட்டத்துக்குள் பாதி முகமும் கிடைத்தது,
மீசை வரைக்கும்.
மீசைக்குக் கீழே ஒரு செருப்புக்கடை
ஏறி உட்கார்ந்துகொண்டது.

செருப்பை விலக்கினால் கால்பந்துச் சூதாட்டம்.
அதை விலக்கினால் தொப்பை கரைக்கும் தேநீர்.
அதற்கும் பின்னால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் பெண்,
அவள் மார்புக்குக் குறுக்கே
'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்றொரு பொத்தான்.
ஏற்கமாட்டேன் என்பதற்கு
அங்கே பொத்தான் வைக்கவில்லை.

மூலையில் ஒரு குறி இருக்கிறது,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.
மூடுவதற்காம்.
பள்ளியில் அதற்குப் பெருக்கல் என்று பேர்.
பேருக்குத் தக்கபடிதான் நடந்தது:
பெருக்கித் தள்ளலாம் என்று தொட்டாள்,
பெருகிற்று.

இதே விரல்தான்.
இருபத்தாறு வருஷம் உருக்காலையில் கிரேன் ஓட்டிய விரல்.
கொதிக்கும் இரும்பு எண்பது டன்,
தளும்பாமல் தூக்கிப்போய்
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் இறக்கிய விரல்.
கீழே, புகைக்கு நடுவே, ஸ்லாவ்கோ நிற்பான்.
உலைச் சத்தத்தில் வாய்க்கு வேலையில்லை.
கைதான்.
ஒரு விரல் மேலே சுழன்றால், தூக்கு.
உள்ளங்கை கீழ்நோக்கி ஆடினால், மெல்ல இறக்கு.
முஷ்டி மூடினால், நில்.
ஒருநாளும் அந்தக் கை அவளிடம் பொய் சொன்னதில்லை.
(நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
வாங்கிய நாற்பது மார்க்கை
அவன் திருப்பித் தரவே இல்லை.)

இப்போதோ எத்தனை கைகள்.
இங்கே அழுத்து என்று ஓர் அம்பு,
பதிவிறக்கு என்று பச்சையாய் ஒன்று,
தவிர்க்க இன்னும் ஐந்து நொடி, நான்கு, மூன்று,
பூஜ்யத்தில் அவள் விரல் இறங்கும்போது
குறி நகர்ந்துவிட்டது;
அந்த இடத்தில் பாத்திரம் கழுவும் எந்திரம்.
ஒருமுறை பக்கம் தானாகக் குதித்து
வேறு யாருடைய மரணத்திலோ இறக்கிவிட்டது.
முன்பின் தெரியாத ஒரு கிழவியின் அடக்க நேரம்
தெள்ளத் தெளிவாக, பெரிய எழுத்தில்:
இரண்டே கால்.

எதிர்வீட்டு மிர்ஸாவைக் கூப்பிடலாம்.
எண்பது டன்னுக்கே யாரையும் கூப்பிடாதவள்.

மின்கலத்தில் நான்கு சதவீதம் இருக்கையில்
ஒரு கணம் முழுதாக வந்தான்,
மீசை, வாய், திருகிக் கட்டிய கழுத்துப்பட்டை.
அதன்கீழ் 'அடக்கம்' என்ற சொல்.
சொல்லுக்குப் பக்கத்தில்
இரட்டை மெத்தை, எழுபது சதவீதத் தள்ளுபடி.
பிறகு கறுப்பு.

காலை எட்டரைக்கே போய்விட்டாள்.
சரிவெங்கும் பாதி உருகிய பனி.
குழி வெட்டுகிறவர்கள் இருவர்
மண்வெட்டிமேல் கோப்பையை வைத்துக்
காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.
எத்தனை மணிக்கு என்றாள்.
ஒன்றரைக்கு, என்றான் ஒருவன்.
அவ்வளவுதான்.
வேறெதையும் அவன் விற்கவில்லை.

ஐந்து மணி நேரம் ஈரப் பலகையில் இருந்தாள்.
பைக்குள் போன் ஒரு தடவை அதிர்ந்தது:
பளிங்குக் கல்லறைகள், எளிய தவணையில்,
உங்களுக்கென்றே.
விரலை எடுத்துப்போகவில்லை அதனிடம்.

ஒன்றே முக்காலுக்குத்தான் வந்தார்கள்.
கயிற்றில் இறங்கிய பெட்டி
தலைமாட்டுப் பக்கம் சாய்ந்தது.
பாதிரியார் பார்க்கவில்லை, விதவை பார்க்கவில்லை.
பின்வரிசையில் ஒரு கை தானாக எழும்பி
உள்ளங்கை கீழ்நோக்கி
மெல்ல,
மெல்ல,
பிறகு முஷ்டி.

கயிறு பிடித்த நால்வரில் ஒருவன்
பழைய ஆலைக்காரன் போலும்.
நிறுத்தினான்.